‘அவர்களைப் போய்க் கேட்பாயா?’ என்பதற்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: பாலாற்றங்கரையான், வேலூர்

அனைவருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் ஒரு தேநீர்க் கடையில் நாங்கள் நண்பர்கள் நால்வர் 28 ஆண்டுகளாக மாலை ஆறரை மணிக்குக் கூடிப் பேசி வந்தோம். தேர்தல், கோயில் திருவிழா, ஆற்று மணல், பிள்ளைகளின் படிப்பு என்று பேசாத பொருள் இல்லை. கருத்து வேறுபாடு வராத நாளும் அரிது. ஆனால் மறுநாள் மாலை நால்வரும் அதே பலகையில்தான் உட்கார்ந்திருப்போம். அந்தப் பழக்கம் இப்போது முறிந்துவிட்டது. அது முறிந்த விதம் எனக்கு உறக்கம் வராமல் செய்கிறது.

எங்கள் தெருக் கோயிலில் குடமுழுக்கு முடிந்து மண்டல பூசை நடந்துகொண்டிருந்தது. அந்தத் திருப்பணிக்கு நானும் என்னால் இயன்றதைக் கொடுத்தவன். யாகசாலைப் பந்தலுக்குக் கீற்று இறக்கியபோது கூட நின்றவன். நான்கு கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று எதிர்க் கம்பத்திலிருந்து எங்கள் மாடி ஜன்னலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. விடியற்காலை நாலரை மணிக்குப் பாட்டுப் போடத் தொடங்குவார்கள். என் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. காதில் பஞ்சை வைத்து, அதன்மேல் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவள் கணக்குப் போடுவதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, “ஆறு மணிக்கு மேல் போட்டால் என்ன?” என்று தேநீர்க் கடையில் வாய்விட்டுச் சொன்னேன்.

எங்களில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் உடனே, “ஏம்பா, மசூதிக்காரங்களப் போய் இப்படிக் கேப்பியா?” என்றார். “கேட்பேன்” என்றேன். “நீ எப்போ அந்தக் கட்சிக்குப் போன?” என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. “வாட்ஸப்பில் வருவதெல்லாம் உனக்கு வேதவாக்கு” என்று சொல்லிவிட்டேன். அவர் பாதி குடித்த கண்ணாடித் தம்ளரைப் பலகையில் வைத்தார், பக்கத்தில் சில்லறையை எண்ணி வைத்தார், போய்விட்டார். ஒரு மாதம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாலரை மணியா ஆறு மணியா என்பதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. மசூதி வந்தது, கட்சி வந்தது, வாட்ஸப் வந்தது, ஒலிபெருக்கியை மறந்துவிட்டோம். என் மகளின் தேர்வையும் மறந்துவிட்டோம். சமயமும் அரசியலும் பேசும்போது நல்ல மனிதர்கள்கூட ஏன் இப்படிப் பொருளற்ற வாக்கியங்களைச் சொல்கிறோம்? நீங்கள் கேட்டவை எவை? அவற்றுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அவரிடம் நான் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதையும் யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஆம்பூர் வாசி

அண்ணா, உங்கள் நண்பர் சொன்ன அதே வாக்கியத்தை நான் எங்கள் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் தெருப் பள்ளிவாசலில் புதிய ஒலிபெருக்கி வைத்தபோது, அடுத்த வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவருக்காகச் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். “திருவிழாவுக்கு ரோட்டையே அடைக்கிறார்களே, அதை யாராவது கேட்கிறார்களா?” என்று ஒருவர் எழுந்தார். பெயர்ச்சொற்களை மாற்றினால் போதும், இரண்டும் ஒரே வாக்கியம். படுத்திருந்த பெரியவர் எந்த மதத்தவர் என்றுதான் அடுத்த கேள்வி வந்தது. அவர் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவரே. அது தெரிந்த பிறகு சத்தத்தைக் குறைத்தார்கள். அவர் வேறு மதத்தவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு நான் வெகுநேரம் வருந்தினேன்.

என்னிடம் பிறர் சொன்னவற்றில் இரண்டு வாக்கியங்கள் மறக்க முடியாதவை. ஒன்று, “பாகிஸ்தானுக்குப் போ” என்பது. தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஒரு முறை போனஸ் பற்றிய பேச்சில் இது வந்தது. போனஸுக்கும் பாகிஸ்தானுக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் கேட்ட கணக்கு நியாயமானதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாவது, “இன்னும் இருபது வருஷத்தில் நீங்கள்தான் மெஜாரிட்டி” என்பது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அன்பாகக்கூடச் சொல்வார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் எங்கள் மக்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். கடைத்தெருவில் நடந்து பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, இந்துக்கள் 87.58 விழுக்காடு. பிள்ளைப்பேற்றைப் பற்றித்தானே அச்சம்? தேசியக் குடும்பநல ஆய்வு முதன்முதலில் நடந்த 1992-93-இல் இந்திய அளவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள், ஓர் இந்துப் பெண்ணுக்கு 3.3. ஐந்தாவது ஆய்வு நடந்த 2019-21-இல் அவை 2.36, 1.94 என்று ஆகிவிட்டன. இரண்டும் இறங்குகின்றன, எங்களுடையது வேகமாக இறங்கியிருக்கிறது. என் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள், என் அம்மாவுக்கு நாலு, எனக்கு இரண்டு.

இந்த எண்களைச் சொன்னவுடன் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்களைக் கோபமில்லாமல் சொன்னபோது என்னுடன் வேலை செய்யும் ஒருவர், “அப்படியானால் ஏன் உங்கள் பகுதியில் பெண்கள் படிப்பு இன்னும் பின்தங்கியிருக்கிறது?” என்று கேட்டார். நான் பதில் சொல்ல வேண்டிய, சொல்ல விரும்பிய கேள்வி அது. ‘மெஜாரிட்டி’ என்ற அந்த வாக்கியம் இத்தனை ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வரவிடாமல் மறித்துக்கொண்டு நின்றது.

மறுமொழி 2: காட்பாடி செவிலி

சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளியில் படிக்கும்போது என்னைப் பார்த்து, “நீங்கள் மாவு மூட்டைக்கு மதம் மாறியவர்கள்தானே” என்றார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கிய தாதுப் பஞ்சத்தில், பசியில் கிடந்தவர் சோற்றை வாங்கிச் சாப்பிட்டார் என்றால் இழிவு யாருக்கு? உதவி செய்கிறவர்கள் அதோடு மதத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்பது நேர்மையான கேள்வி; என் தாத்தாவே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது உபதேசியாரிடம் அதைக் கேட்டு வாதாடியிருக்கிறார். அதை நம்மிடம் கேட்க விரும்புகிறவர்கள் அப்படியே கேட்கலாமே. மாவு மூட்டை என்று தொடங்கினால் நான் என் பாட்டியின் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவேன்; வேறெதையும் என்னால் பேச முடியாது.

மறுமொழி 3: வழக்கறிஞர் குமாஸ்தா, இராணிப்பேட்டை

ஐயா, மேலே எழுதியவர்களோடு ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். “அவர்களைக் கேட்பாயா?” என்பது முழுவதும் முட்டாள்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றா என்ற நியாயமான ஐயம் அதற்குள் இருக்கிறது. அந்த ஐயம் உள்ளவருக்குப் பதில் சொல்லாமல், அவரை மதவெறியர் என்று முத்திரை குத்துவதும் ஒரு முட்டாள்தனமான பேச்சுதான். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போவதில்தான் குற்றம் இருக்கிறது.

இந்த வழக்கில் பதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மைய அரசு வகுத்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இதில் கோயில், மசூதி, தேவாலயம், கட்சிக் கூட்டம் என்ற பிரிவு இல்லை. சில விழா நாள்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு கொடுக்கலாம். அதுவும் எல்லோருக்கும் பொதுவானது, விடியற்காலைக்குப் பொருந்தாது. அதே 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு நம் சென்னையிலிருந்து போனது. ஒரு குடியிருப்போர் நலச் சங்கம், தங்கள் பகுதியில் ஒலிபெருக்கியும் மேளமும் வைத்து வழிபட்ட ஒரு கிறிஸ்தவ சபையின் மீது முறையிட்டது. பிறருடைய அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று நீதிமன்றம் கூறிச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் நண்பரிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்: கேட்டிருக்கிறார்கள், கேட்டு வென்றுமிருக்கிறார்கள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீதிமன்ற வாசலில் வாரம் ஒரு முறையாவது இது என் காதில் விழுகிறது. “உண்டியல் பணமெல்லாம் மசூதிக்கும் சர்ச்சுக்கும் போகிறது” என்பார்கள். அறநிலையத் துறை 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. கோயில்கள் தம் வருமானத்தில் ஒரு பங்கை நிருவாகத்துக்கும் தணிக்கைக்கும் அத்துறைக்குச் செலுத்துகின்றன. ஒரு கோயிலின் உபரியை மற்ற மதத்தின் வழிபாட்டிடத்துக்கு எடுத்துக் கொடுக்க அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. ஆனால் அரசு கோயிலை நிருவகிக்கலாமா, அந்தப் பங்கு கட்டணமா வரியா என்பதெல்லாம் பெரிய கேள்விகள். 1954-இல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்றிருந்த 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த வசூலை வரி என்று சொல்லிச் செல்லாதென ஆக்கியது. அதாவது துறையை எதிர்ப்பவர்களுக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்திலேயே வலுவான வாதம் கிடைத்தது. நான் துறை வேண்டும் என்று நினைக்கிறவன். ஆயினும் எதிர்த்தரப்பின் அந்த வாதத்துக்கு முன் நான் நின்று யோசித்துத்தான் பேச வேண்டும். உண்டியல் கதையைச் சொல்கிறவரோ என்னை யோசிக்க வைக்கும் வாய்ப்பைத் தாமே தொலைத்துவிடுகிறார். அந்தக் கதை பொய் என்று காட்ட எனக்கு இரண்டு நிமிடம் போதும். அத்தோடு அவருடைய நல்ல வாதமும் என்னிடம் தோற்றதாக ஆகிவிடுகிறது.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, குடியாத்தம்

தம்பி, உங்கள் கேள்வி என்னை மணிமேகலைக்கு அழைத்துச் சென்றது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். அதன் பிறகு, நம் ஊரிலிருந்து பேருந்தில் போனால் இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடக்கூடிய காஞ்சியில், பௌத்தத் துறவியான அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். அடிகள் தம் அறத்தை எடுத்தவுடன் சொல்லிவிடவில்லை. அளவை (அறியும் வழி) எது, பக்கம் (நாட்ட வந்த கூற்று) எது, ஏது (காரணம்) எது, எடுத்துக்காட்டு எது என்று சொல்லி, பின்னைய மூன்றிலும் நேரக்கூடிய போலிகளைப் பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று வகுத்துக் காட்டிய பிறகே மேலே போகிறார். எப்படித் தவறாகப் பேசக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண் துறவறம் பூண வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள் இந்தப் பகுதியைப் பாடமாக நடத்தியவள் நான். மாணவர்கள் இதை வறண்ட பகுதி என்று தாண்டிப் போவார்கள். இன்று நம் பேச்சுகளைக் கேட்கும்போது, இதைவிட ஈரமான பகுதி அந்தக் காப்பியத்தில் உண்டா என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் நண்பரின் பேச்சில் இருப்பது ஏதுவின் குறை. நாலரை மணிக்குப் பாட்டுப் போடலாம் என்பது அவர் நாட்ட விரும்பிய பக்கம். மசூதியில் ஓதுகிறார்கள் என்பது அதற்கு அவர் காட்டிய ஏது. மசூதியில் ஓதுவதால் உங்கள் மகளின் காதில் விழும் சத்தம் ஒரு துளியும் குறையாது. ஆகவே அந்த ஏது அந்தப் பக்கத்தைத் தாங்கவில்லை. நீங்கள் சொன்ன வாட்ஸப் வாக்கியத்திலும் அதே குறை இருக்கிறது, தம்பி. அவர் எங்கே படித்தார் என்பதைக் கொண்டு அவர் சொன்னது தவறு என்று காட்ட முடியாது.

நான் பகுத்தறிவாளர் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கிய ஒரு வாக்கியம், “சாமி கும்பிடுகிறவனுக்கு மூளை இல்லை” என்பது. என் மாமியார் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி முதல் நாள் விடியற்காலையிலேயே குளித்துவிட்டுத் தெருவில் நிற்பார். அவரைவிடக் கணக்கில் கெட்டிக்காரரை, அவரைவிட மனிதர்களை எடைபோடத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. அந்த வாக்கியத்தை அவர் முன் ஒரு முறை என் அண்ணன் சொன்னபோது, அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமல், “அப்படியா தம்பி, என் மூளையை எங்கே விட்டேன் என்று நீயே தேடிக் கொடு” என்றார். அண்ணன் தலை குனிந்ததை இன்றும் மறக்கவில்லை. பெரியாரே ஈரோட்டில் தேவஸ்தானக் குழுவின் தலைவராக இருந்து கோயில் நிருவாகத்தைப் பார்த்தவர். சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளாரோடு ஒரே மேடையில் அமர்ந்து மாறுபட்டுப் பேசியவர். கடவுள் மறுப்பில் அவர் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை, திருநீறு பூசிய அடிகளாருக்கு உரிய மரியாதையிலும் குறை வைக்கவில்லை. திருநீறு தெரிந்தவுடன் ஒரு பட்டம், கறுப்புச் சட்டை தெரிந்தவுடன் ஒரு பட்டம் என்று கொடுக்கிற இன்றைய பிள்ளைகள் இந்த இருவரையும் அறியாதவர்கள்.

நண்பரிடம் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அதே காப்பியத்தின் முதல் காதையில், விழாவை அறிவிக்கிறவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைத்துவிட்டு, பகைவரோடு ஆயினும் “செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்” (சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள்) என்கிறான். ‘அகலுமின்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நண்பர் அன்று எழுந்து போனதையே பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலும் இரண்டு வாக்கியங்கள் பேசியிருந்தால் இன்னும் கெட்டிருக்கும். அவர் தேநீருக்குக் காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுமொழி 5: கோட்டைப் பக்கம் வளர்ந்தவன்

நம் ஊரின் வரலாற்றைப் பற்றி நடக்கும் வாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்ததை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று மக்கான் நினைவுத் தூணில் மாலை போடும்போது, அருகில் நிற்கிறவர்களின் பேச்சைக் கேட்பேன். ஒருவர், “பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவால் வந்த கலகம்” என்பார், அது 1857. வேலூரில் 1806-இல் எரிச்சலூட்டியவை புதிய தலைப்பாகையும் அதில் வைத்த தோல் குஞ்சமும், நெற்றிக் குறியும் கடுக்கனும் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவும்தான். இன்னொருவர், “அது திப்புவின் பிள்ளைகள் செய்த முஸ்லிம் சதி” என்பார். மூன்றாமவர், “திப்பு குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, அது தேசப்பற்று மட்டுமே” என்பார். அன்று ஆங்கிலேயர் அமைத்த விசாரணைக் குழுவே உடை உத்தரவையும், கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் இருந்ததையும், இரண்டையும் காரணமாகச் சொன்னது. தலைப்பாகையை மறுத்ததற்காகக் கசையடி பெற்றவர்கள் இருவர். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். அடியின் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றுதான். உத்தரவு போட்ட தளபதி கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

நல்லெண்ணத்தோடு சொல்லும் வெற்று வாக்கியங்களும் என்னை வருத்துகின்றன. “கோட்டைக்குள் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன, பாருங்கள், இதுதான் மத நல்லிணக்கம்” என்று சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்கிறோம். மூன்றும் ஒரே காலத்தவை அல்ல. கோயில் விசயநகர காலத்தது, தேவாலயம் 1846-இல் ஆங்கிலப் படைக்காகக் கட்டியது. நம் பெரியவர்கள் இந்த ஊரைச் சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்பார்கள். அந்தச் சாமியில்லாத கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தது 1981-இல்தான். பள்ளிவாசலில் இன்றும் தொழுகை இல்லை. பல தலைமுறைகள் வழிபாடு இல்லாமல் நின்ற இடங்களைக் காட்டி நல்லிணக்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அங்கே வழிபட ஏங்கியவர்களின் மனத்தை யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். சண்டை வந்துவிடும் என்ற அச்சத்தில் இப்படிச் சொல்கிறோம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உண்மையைச் சொல்லியும் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்பதை 1981-இல் நம் ஊர் காட்டியிருக்கிறது.

கேட்டவரின் பதில்: பாலாற்றங்கரையான்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா என் தவற்றையும் சேர்த்துச் சுட்டியது சரியே. அதைப் படித்த பிறகுதான் எனக்கு நண்பரின் கடைக்குப் போகும் துணிவு வந்தது.

முதலில் மைக்செட்காரரிடம் போனேன். எந்த மதத்தையும் எந்தக் கட்சியையும் எடுக்காமல், எதிர்க் கம்பத்துக் கூம்பையும் எங்கள் ஜன்னலையும் காட்டினேன். அந்தப் பையன் ஏணியைச் சாத்தி ஏறி, கம்பியைத் தளர்த்தி, கூம்பை ஏரிப் பக்கம் திருப்பிக் கட்டினான். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்றான். மண்டல பூசைக்கு அப்போது இன்னும் மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது.

நேற்று மாலை துணிக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, முக்காலியைத் துண்டால் தட்டி முன்னே நகர்த்தினார். வாட்ஸப் பற்றி நான் அன்று சொன்னது தவறு என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வேட்டி மடித்துக்கொண்டிருந்தார். இராணிப்பேட்டை ஐயா எழுதிய விதிகளையும் அந்தத் தேவாலய வழக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன், மேசைமேல் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பத்தியைப் படித்தவர், “இது சர்ச் மேல போட்ட கேஸா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “முழுசும் படிச்சிட்டுச் சொல்றேன்” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, மகள் தேர்வு எப்படி எழுதினாள் என்று கேட்டார்.